இன்னொரு தடவை அம்மாவின் அறை

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை மேலாளர் அவர்களே, மருத்துவர்களே, என்னோடு மாடிப்படி ஏறி இறங்கிக் கால் தேய்ந்த செவிலியர் தங்கைகளே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! நம் ஸ்கேன் மருத்துவருக்கான இந்த இரங்கல் கூட்டத்தில், பிரசவ வார்டின் தலைமைச் செவிலியாகிய நான் அழுதுகொண்டே பேசுவேன் என்று நினைத்தீர்களா? அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவர் பெருமையை உரக்கச் சொல்லப் போகிறேன்! அவர் அறையை மூடப்போவதாக அடிபடும் பேச்சையும் இங்கேயே கேட்டுவிடப் போகிறேன்.

நம் ஸ்கேன் மருத்துவர், நாமெல்லாம் 'இன்னொரு தடவை அம்மா' என்று கிண்டல் செய்த அந்த மகராசி, எதை அளந்தார்? கருப்பை வாயின் நீளத்தை! சுண்டுவிரல் நீளம்கூட வராத சமாச்சாரம். அது கர்ப்பத்தின் பாதியிலேயே குறுகிவிட்டால் குறைப்பிரசவ ஆபத்து கூடும். ஆகவே அவர் ஒருமுறை அளந்ததோடு எழுந்ததே இல்லை. "பொறும்மா, இன்னொரு தடவை பார்த்துடுவோம்" என்பார். மூன்று முறை அளப்பார். மூன்றில் எது குறைவோ அதையே எழுதுவார். வெளியே வரிசை நீளும். நான் கதவைத் தட்டி, "அம்மா, ஜனங்க என்னைப் பிச்சுத் தின்னுறாங்க!" என்று கத்துவேன். "தின்னட்டும், நீயும் கொஞ்சம் இளைக்கலாம்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் மனைவி இதோ முன்வரிசையில் இருக்கிறாள். முதல் குழந்தையைக் குறைமாதத்தில் பறிகொடுத்தவள். மறுபடி உண்டானபோது, ஸ்கேன் என்றாலே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தாள். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த படத்தில் நீளம் அமோகம்! ஓட்டுநர் தம்பி மிட்டாய் வாங்க ஓடிவிட்டார். அம்மா அசைந்தாரா?

"மூத்திரப்பை நிரம்பியிருந்தா அது அழுத்தி நீளமாக் காட்டும்மா. பாத்ரூம் போயிட்டு வா, உள்ளே வச்சுப் பார்ப்போம்."

வந்தாள். அளந்தார். பொறுத்திருந்து அளந்தார். மறுபடியும் அளந்தார். குறைந்திருந்தது ஐயா, குறைந்திருந்தது! நான் ஓட்டுநரைக் கூப்பிடக் கதவுப் பக்கம் ஓடினேன். அவரோ அவள் தலையைத் தடவி, "பயப்படாத கண்ணு. பிள்ளை இப்பவே வந்துடும்னு இல்ல. நாம அசந்துடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். உள்ளே வைக்கும் மருந்து கொடுத்தார்கள், விடாமல் கண்காணித்தோம். மாதம் நிறைந்து பிறந்த அந்த வாலு, அதோ, நாற்காலியைக் கவிழ்க்கப் பார்க்கிறது!

அந்த அறையையா மூடுவது? எல்லோருக்கும் வயிற்றின் மேல் ஒரே ஒரு பார்வை, போதும் என்று அனுப்புவதா? மேலாளர் அவர்களே, அறை திறந்திருக்குமா?

"நிர்வாகக் குழுவில வச்சு, எல்லாரோட கருத்தையும் கேட்டு, நல்ல முடிவா எடுக்கலாம்மா" என்கிறார். நீளமாக இருக்கிறதே! இன்னொரு தடவை, ஐயா.

"திறந்து வைக்க முயற்சி பண்றோம்மா" என்கிறார். குறைகிறது, குறைகிறது! சபையோரே, பொறுங்கள். இன்னொரு தடவை!

"திறந்திருக்கும்."

கேட்டீர்களா? மூன்றில் குறைவானதையே எழுதிக்கொள்கிறேன்! நாளைக் காலை அந்தக் கதவை நானே திறப்பேன். அம்மாவோடு வேலை பார்த்த மருத்துவர் அதே நாற்காலியில் அமர்ந்து அதேபோல் அளப்பார். வரிசை நீளட்டும், ஜனங்கள் என்னைப் பிய்த்துத் தின்னட்டும். நான் இளைத்துக்கொள்கிறேன், அம்மா!