பன்னிரண்டு ஆணிகள்

பின்கதவு திறக்கவில்லை. பிற்பகல் மூன்று பத்து. முன்வாசலில் தீ. தண்ணீர் மாதிரி ஓடி வரும் தீ. படியேறுகிறது. தெருவில் பாதி விமானம் கிடக்கிறது.

பட்டாபிராமில் எங்கள் குடியிருப்பின் மேல் விழுந்தது எதிரி விமானம் அல்ல. நம்முடையது. பயிற்சிக்குப் பறந்த குண்டுவீச்சு விமானம். முதலில் அதன் இன்ஜினில் ஒரு இருமல். பிறகு சத்தமே இல்லை. பிறகு எல்லாச் சத்தமும்.

கதவை அடைத்தவன் நான். போர் தொடங்கிய வாரம், இரவில் வெளிச்சம் கசியக் கூடாது என்று உத்தரவு. எங்கள் பின்கதவுகளில் பலகைக்குப் பலகை இடுக்கு. உள்பக்கம் பிளைவுட் வைத்து, கதவு நிலையோடு சேர்த்து அறைந்தேன். எனக்குப் பன்னிரண்டு ஆணி. பக்கத்து வீட்டு ஏகாம்பரத்துக்குப் பன்னிரண்டு. தொழிற்சாலையில் எனக்குப் பெட்டி அடிக்கும் வேலை. தளவாடப் பெட்டி லாரியில் எவ்வளவு குலுங்கினாலும் பிளக்கக் கூடாது. ஆணியைச் சாய்த்து அடிப்போம், ஒன்று இடம், ஒன்று வலம். வீட்டிலும் கை அதையே செய்தது.

“இன்னா நைனா, என்னிய பார்சல் கட்டி எந்த ஊருக்கு அனுப்பப் போற?” என்று ஏகாம்பரம் சிரித்தார். ஒரு பக்கம் ஆணி பிடுங்கும் கவை வைத்த என் சுத்தியலை அவர் வீட்டிலேயே மறந்து வந்தேன்.

இப்போது அவர் அந்தப் பக்கமிருந்து நடுச்சுவரைத் தட்டுகிறார்.

“நைனா! கீறியா?”

“இருக்கேண்ணே! ஆணியப் பிடுங்கு!”

“ஒண்ணுகூட வரல! உன் ஆணி, உனுக்குத்தான் வரும்! நீ வெளிய போய் என் கதவத் தொற! புடி!”

சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சுத்தியல் வந்து விழுகிறது. பிடி சுடுகிறது. இடம். வலம். இடம். புகையில் கண் தெரியவில்லை, கைக்குத் தெரிகிறது. பன்னிரண்டாவது வந்ததும் கதவு வந்தது.

ஓடுகிறேன். அவர் பின்கதவு. சுத்தியலைத் திருப்பிப் பிடிக்கிறேன். பிடுங்க ஒன்றுமில்லை. வெறும் பலகை. ஆணித் தலைகள் எல்லாம் உள்ளே.

இது இரண்டு பேருக்கும் முன்பே தோன்றவில்லை.

அடித்தேன். தோளால் மோதினேன். கதவு அதிர்ந்தது. பிளக்கவில்லை. அவ்வளவு நல்ல வேலை.

“இன்னும் ஓங்கி, நைனா!”

பிறகு இருமல். பிறகு அவர் கூரை ஓடு வெடிக்கும் சத்தம். மூன்று இருபத்தொன்று.

இறந்தது விமானத்தில் இரண்டு பேர். குடியிருப்பில் ஒருவர், ஏகாம்பரம். எரிந்த வீடுகள் நான்கு. என் கதவிலிருந்து நான் பிடுங்கிய ஆணி பன்னிரண்டு. அவர் கதவுச் சாம்பலில் பொறுக்கியது பன்னிரண்டு. பிடுங்கியவை வளைந்திருந்தன. அவருடையதில் ஒன்றுகூட வளையவில்லை.