ஊறுகாய் மாற்றி முடித்த சம்பந்தம்

வில்பட்டியிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில், முன் இருக்கை அம்மாள் ஜன்னல் வழியே ஒரு சாக்லேட் கடையைக் கணவருக்குக் காட்டினார்.

"நம்ம கல்யாணம் முடிவான எடம்ங்க."

பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்: "முன்ன மண்டபமா இருந்துச்சாக்கா?"

"சாராயக்கடைம்மா. எங்கப்பாவும் இவுக அப்பாவும் வெத்தலைக்குப் பதிலா ஊறுகாய்ப் பொட்டலத்த மாத்திக்கிட்டு சம்பந்தத்த முடிச்சுட்டாக. விடிஞ்சா ரெண்டு பேருக்கும் ஞாபகமே இல்ல. கடைக்காரர்தான் வெள்ளனே வீடு தேடி வந்து சொன்னாரு. கல்யாணத்துல அவருக்குத்தான் மொத மரியாத."

அந்தக் குளிரிலும் கணவருக்கு வேர்த்திருந்தது.

"இப்ப மகளுக்குச் சம்பந்தம் பேசப் போறோம். அங்க போயாச்சும் வாயத் தெறந்து பேசுங்க."

"பயமா இருக்குடி. நம்ம ரெண்டு வீட்லயும் குடிக்காமப் பேசி முடிச்ச கல்யாணம் ஒண்ணுகூட இல்லியே."