மார்ச் வரைக்கும்

— கத்தாத சில்வினா. ரோட்டைப் பாத்து ஓட்டு.

— ரோட்டைப் பாத்துதான் ஓட்டுறேன். நீ பேச்சை மாத்தாத ஒராசியோ. நம்ம புள்ள வயித்துலயே போச்சே, அன்னைக்கு ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?

— அதைத்தான் டாக்டர் ஸால்ட்ஸ்மன்கிட்ட பேசிட்டு இருக்கேன்னு சொன்னேனே.

— அவதான் லீவுல போயிட்டாளே! பிப்ரவரி வெயில் வந்தா போதும், புவெனோஸ் ஐரெஸ்ல இருக்குற அத்தனை மனோதத்துவ டாக்டரும் கடற்கரையில காலை நீட்டிப் படுத்துடுறாங்க. ஊரே கிறுக்குப் பிடிச்சு அலையுது.

— மார்ச்ல வந்துடுவாங்க.

— ஒம்பது வருஷமா அவ சோபாவுல மல்லாந்து படுத்துப் பேசுற. என்ன கண்டுபிடிச்ச? உங்கம்மா உன்னைச் சரியா கொஞ்சலன்னு! அதை நான் கல்யாணத்தன்னைக்கே சொல்லியிருப்பேன், ஓசியில.

— கிண்டல் பண்ணு. உன் டாக்டர் பவுலா பண்றது வைத்தியமா? வீட்டுப்பாடம் குடுக்குறா, நீயும் சமத்தா செய்யுற. கார் ஓட்டுற பயத்தோட வேரை அவ தொடவே இல்ல. மேல சுண்ணாம்பு அடிச்சிருக்கா, அவ்வளவுதான்.

— வேராவது மண்ணாவது! நீ போனை எடுக்கல. ரத்தத்தோட ரத்தமா நானே காரை ஓட்டிட்டுப் போனேன். அதுலேந்து ஸ்டியரிங்கைத் தொடவே பயந்தேன். பவுலாதான் முதல்ல சும்மா கார்ல உக்காருன்னா. அப்புறம் தெருவைச் சுத்துன்னா. ஒவ்வொரு படியா ஏத்தினா. இப்ப பாரு, கடல் வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கேன்.

— இத பாரு, கோவப்படாம கேளு. படுத்துப் பேசினாலும் சரி, பாடம் செஞ்சாலும் சரி, பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு எத்தனையோ பேர் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. பேசுற ஆளுக்கும் கேக்குற ஆளுக்கும் இருக்குற ஒட்டுதல்தான் குணமாக்குதாம்.

— ஒட்டுதலா? நல்லா சொன்ன போ! எல்லாத்தையும் அவகிட்ட கொட்டிட்டு வெறும் ஆளா வீட்டுக்கு வர்ற. நான் கேட்டா 'அது அங்க பேசுற விஷயம்'ங்குற. நம்ம புள்ளைக்காக நீ அழுதியான்னுகூட எனக்குத் தெரியாது.

— அழுதேன்.

— எங்க?

— அங்கதான்.

— பாத்தியா! கடைசியா கேக்குறேன். இப்ப, இந்தக் கார்லயே சொல்லு. ஏன் வரல?

— மார்ச் வரட்டும் சில்வினா. அவங்ககிட்ட பேசித் தெளிஞ்சுட்டுச் சொல்றேன்.

— சரி. இறங்கு.

— இங்கயா? ஓட்டல் இன்னும் தள்ளியில்ல இருக்கு?

— அந்தப் பச்சை கேட்டு வீடு தெரியுதா? உன் டாக்டரம்மா லீவுக்கு எடுத்திருக்குற வீடு. விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். மார்ச் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? போய்ப் பேசு. பையையும் எடுத்துக்கோ.

— உனக்கென்ன மூளை கலங்கிடுச்சா? லீவுல இருக்குறவங்க வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது! அது முறையே இல்ல!

— பொண்டாட்டி கதவைத் தட்டினா திறக்காத ஆளு, முறை பேசுறியா? போதும்.

— சரி, சரி. தெர்மாஸ்ல சுடுதண்ணி இருக்கு, மாத்தே டீ போடுறேன், ஆளுக்கு ஒரு வாய் குடிப்போம். கடல் வரைக்கும் ஓட்டிட்ட, உன் வீட்டுப்பாடமும் முடிஞ்சுதில்ல?

— முடியல. இன்னும் ஒரு படி பாக்கி இருக்கு. நீ இல்லாம வீட்டுக்குத் திரும்பிப் போறது.