பட்டன் அமுத்துகிற வேலை

“ஹலோ... ஆ, நாந்தான் பேசறேன். ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க, புவனா. தண்ணிங்கறது இருக்குதே, அது நம்ம குடும்பத்துக்குக் கட்டுப்பட்டது. எங்கப்பன் காலத்துல இருந்து அப்பிடித்தான். பாதாளத்துல கெடந்தாலும் செரி, நாம வான்னா மேல வரும், போன்னா போகும்...”

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் பம்ப் கம்பெனி நடத்தும் வெள்ளியங்கிரி இதைச் சொன்னபோது, குளியலறையில் இருந்த வாஷிங் மெஷினில் தண்ணீர் விளிம்பு வரை நின்றுகொண்டிருந்தது. போ என்று அவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அது போகவில்லை.

“...இல்ல, சும்மாதான் கூப்புட்டேன். ஏன், பொண்டாட்டியச் சும்மா கூப்புடக் கூடாதா... செரி, செரி. மச்சான் சௌக்கியந்தான... புது ஊட்ல செவுரெல்லாம் நல்லாக் காஞ்சிருச்சா... ஆமா... ஆமாமா... சாப்புட்டேன். நல்லாத்தான் சாப்புட்டேன். பக்கத்தூட்டு பக்ருன்னிசாம்மா காலைல வந்துட்டுப் போனாங்க. நீ எப்ப வாரேன்னு கேட்டாங்க... நானா? நான் எதுக்குக் கேக்கறேன். அவங்க கேட்டாங்கன்னு சொன்னேன்.”

புவனா பெருந்துறையில் அண்ணன் வீட்டில் இருந்தாள். போன வாரம் அண்ணன் கதிரேசனின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், மாப்பிள்ளை இரண்டு வார்த்தை பேசட்டும் என்று வெள்ளியங்கிரியின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மைக் கிடைத்த பிறகு அவர் இரண்டு வார்த்தையில் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. நீர், நாகரிகம், இயந்திரப் புரட்சி என்று ஊர் சுற்றிவிட்டு, கடைசியில் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கு வேலையின்னு என்னங்க இருக்குது, பட்டனை அமுத்துனாப் போதும், எங்க ஊட்லயே அப்பிடித்தானுங்க என்றார். பந்திக்குக் காத்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. புவனா சிரிக்கவில்லை. சாப்பாடு முடிந்து அவர் காரை எடுத்தபோது, அதில் ஏறவும் இல்லை.

“அது கெடக்குது. ஒரு விசயம். நம்ம வாஷிங் மெஷின்ல எதாச்சும் சத்தம் கித்தம் வந்துட்டு இருந்துச்சா, நீ போறதுக்கு முந்தி... இல்லையா... நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு... அது நின்னுபோச்சு. சும்மா இருந்தாப்பல நின்னுபோச்சு. அவன் டிசைனே செரியில்ல, புவனா. தண்ணிய வெளிய தள்றதுக்கு அடில ஒரு பம்ப்பு வெச்சிருக்கறான் பாரு, அதெல்லாம் ஒரு பம்ப்பா. நானா இருந்தா... ஆமா, தண்ணி போகல... ஆமா, ரொம்பி நிக்குது... இல்ல, மொனகுது. மொனகிப்போட்டு நின்னுருது, அப்பறம் டொய்ங் டொய்ங்குன்னு கூப்புடுது... ஆப் பண்ணி ஆன் பண்ணியாச்சு... ஓஸு மடங்கல, அதையும் பாத்துப்போட்டேன்... என்ன போட்டேனா? துணிதான் போட்டேன். வாஷிங் மெஷின்ல பின்னே என்ன போடுவாங்க.”

உள்ளே கிடந்தவை அவருடைய வெள்ளை வேட்டிகளும் வெள்ளைச் சட்டைகளும். மறுநாள் பம்ப் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆண்டு விழா. அதில் அவருக்கு ‘நீர்நுட்பச் செம்மல்’ என்று பட்டம் கொடுக்கப் போகிறார்கள். பட்டத்தின் பெயரைக் கமிட்டிக்கு யோசனை சொன்னவர் அவரே. மேடை ஏறுகிறவன் வெள்ளையும் சொள்ளையுமாக இருக்க வேண்டும், வேட்டி தகடு மாதிரி நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சலவைக் கடையில் கொடுத்தால் ஒரு வாரமாக வீட்டில் துவைக்க ஆளில்லை என்ற சங்கதி தெரு முழுக்கப் பரவிவிடும். அதனால் தானே துவைத்துவிடத் துணிந்தார்.

“வெள்ளை மட்டுந்தான். கலரைக் கூட்டிப் போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா... பவுடர் போட்டேன்... அளவாத்தான் போட்டேன்... வேற ஒண்ணும் போடல... ஒண்ணும் போடலைங்கறேன்ல... கைய உட்டுப் பாக்கறதா... செரி, பிளக்கைப் புடுங்கிப்போட்டேன். இரு.”

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டார்.

“பாத்தேன்... தண்ணியாட்டத்தான் இருக்குது... கொஞ்சம் வழுவழுன்னு... இல்ல, சோப்பு இல்ல. அதொரு மாதிரி... சின்னச் சின்னதா, உருண்டை உருண்டையா, கண்ணாடியாட்டம். வேட்டியெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்குது... எனக்கெப்பிடித் தெரியும். பைப்புல வந்திருக்கும். சிறுவாணித் தண்ணி இப்பெல்லாம் முன்னாட்டம்...”

சிறுவாணித் தண்ணீரின் மேல் பழி போட ஒரு கோயம்புத்தூர்க்காரனுக்கு மனது வராது. அதன் ருசியை வெளியூர் டீலர்களுக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துப் பெருமை பேசுகிறவர் வெள்ளியங்கிரி. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே கூசிப்போய்விட்டது.

“...ஆமா... ஜவ்வரிசிதான்.”

ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகு மீதியும் தானாக வந்தது.

“கஞ்சி போடோணும்ல, புவனா. நீ போடுவீல்ல, ஜவ்வரிசிக் கஞ்சி, அதாட்டந்தான்... காய்ச்சலை... இல்ல, வடிகட்டவும் இல்ல. காய்ச்சுனாத்தான வடிகட்டறதுக்கு... அப்பிடியேதான். பாக்கெட்டைப் பிரிச்சு வேட்டிக்கு அடில கொட்டிப்போட்டேன்... அதுல சுடுதண்ணின்னு ஒண்ணு இருக்குதுல்ல, அதுலயே வெந்துக்கும்னு... தொவைக்கறது, கஞ்சி போடறது, ரெண்டும் ஒரே ஓட்டத்துல முடிஞ்சிருமேன்னு ரோசனை பண்ணுனேன்... நீ சிரிக்காத... முழுப் பாக்கெட்டு... பக்கத்துல இன்னொண்ணு இருந்துச்சு, அதையும்... பாயசத்துக்கு வாங்கி வெச்சதுன்னு அது மேல எழுதியா இருந்துச்சு.”

இந்த யோசனையை அவர் காலையில் வெகுவாக மெச்சியிருந்தார். மறுநாள் ஏற்புரையில், புதுமை வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு வரிகூடத் தயாராக இருந்தது. ஜவ்வரிசியோ தண்ணீரைக் குடித்து, ஊதி, வேட்டி மடிப்புகளில் குடியேறியது போக மீதியெல்லாம் அடியிலிருந்த பம்ப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. தாராபுரம் பக்கத்து விவசாயி எவராவது புகைந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கு வந்தால், வெள்ளியங்கிரி அதைத் தன் கையாலேயே பிரிப்பார். உள்ளே இருக்கும் சேற்றை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து அந்த மனிதரின் முகத்துக்கு நேரே காட்டுவார். அப்புறம் ஒரு வாசகம் சொல்வார். ராத்திரிச் சாப்பாட்டில் அதையே புவனாவிடமும் சொல்லிக் காட்டுவார்.

“...ஆமா, நாந்தான் சொல்லுவேன்... ஆமா, தண்ணியத் தவிர வேற எது உள்ள போனாலும் கம்பெனி பொறுப்பில்லைன்னு... ஞாபகம் இருக்குது, புவனா. நீ மறுபடியும் சொல்லோணும்னு இல்ல... செரி, இப்ப என்ன பண்றது. அதைச் சொல்லுங்க.”

சொல்லுங்க என்றார். பால்காரருக்கும் பஸ் கண்டக்டருக்கும் தவறாமல் ‘ங்க’ போடுகிற வாய் அது. புவனாவுக்கு மட்டும் இத்தனை வருஷத்தில் அது கிடைத்ததில்லை. வாய் தவறி வந்ததுதான் என்றாலும் அவர் திருத்தவில்லை.

“ஓஸை எடுத்துக் கீழ போடோணுமா... அதெப்பிடி, பம்ப்பே தள்ளல, அப்பறம் அதுவா எப்பிடி... மேல இருந்து கீழ வரும், ஆமா. அது தெரியும். எனக்கே சொல்லித்தாறயா... செரி, செரிங்க. போட்டாச்சு... கொஞ்சூண்டு வந்துச்சு. நின்னுபோச்சு... அதுலயும் அடைச்சுக்கிச்சாட்ட இருக்குது... வாயி வெச்சா... உறிஞ்சோணுமா... புவனா, நான் நாளைக்குப் பட்டம் வாங்கறவன்... செரி. இரு.”

நீர்நுட்பச் செம்மல் குளியலறைத் தரையில் மண்டி போட்டார். போனை வாளி விளிம்பில் நிறுத்திவைத்தார். ஓஸின் வாயைத் துண்டால் ஒரு தரம் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“ம்... ம்ம்... த்தூ. வந்துருச்சு... வருது, வருது... கொழகொழன்னு வருது... ஆமா, கொஞ்சம் உள்ளயும் போயிருச்சு... பரவால்ல, கஞ்சிதான... சோப்பும் இருக்குது, ஆமா... யாரது. யாரது சிரிச்சது?”

போனை எடுத்துக் காதில் வைத்தார். அது புவனாவின் சிரிப்பில்லை. கனத்த, வயிறு குலுங்குகிற ஆண் சிரிப்பு. அதன் பின்னால் இன்னும் சில சிரிப்புகள் அடக்கமாட்டாமல் வந்தன.

“மச்சானா... ஸ்பீக்கர்லயா போட்டிருக்கறே... எப்ப இருந்து... மொதல்ல இருந்தேவா... எல்லாரும் இருக்கறாங்களா.”

கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. முட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மைக்கில் பேசியபோது சிரித்த அதே ஆட்கள். அன்றைக்கு அந்தச் சிரிப்பு அவருக்கு இனித்தது. நடுவில் உட்கார்ந்திருந்த புவனா, முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. இப்போது போனை வைத்துவிட்டால் இந்த வீட்டுக்கு அவள் எப்போது வருவாள் என்று சொல்ல முடியாது. விரலை எடுத்துக்கொண்டார்.

“இல்ல, ஆப் பண்ண வேண்டாம்... அப்பிடியே இருக்கட்டும், புவனா. அன்னிக்கும் அவங்க முன்னாலதான பேசுனேன்... மச்சான், கேக்குதுங்களா... அது வந்துங்க, நான் அன்னிக்கு மைக்ல ஒண்ணு சொன்னேனுங்க. பட்டனை அமுத்துனாப் போதும்னு... ஆமாங்க... அது சொல்லியிருக்கப்படாதுங்க... ஆமாங்க... போதாதுங்க.”

அங்கே யாரும் சிரிக்கவில்லை. புவனா ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள் போலிருந்தது. சுற்றியிருந்த இரைச்சல் அடங்கி, அவள் மூச்சு மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

“ஆ, இருக்கறேன்... ம்... ம்... வேட்டிய உடு. பேண்ட்டு போட்டுக்கிட்டுப் போறேன், பட்டம் பேண்ட்டுக்கும் குடுப்பாங்க... அலசறேன். நல்லா உதறி உதறி அலசறேன்... காஞ்சா உதுந்துருமா, செரி... அந்தக் குண்டாவுலயா, செரி, மொண்டு ஊத்தறேன்... அப்பறம்... நீங்க... நீ எப்ப வாரே?... நாளைக்கேவா. பொழுதோடவா... கார் அனுப்பட்டுமா... பஸ்லயே வாரயா, செரி, செரி... இல்லையே, அழுகல. தொண்டைல ஜவ்வரிசி.”

ஈரத் தரையிலிருந்து எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. மெஷினில் தண்ணீர் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. சொன்னால் போகிறது என்ற பழைய எண்ணம் அவரிடம் மெல்லத் தலைதூக்கியது. புவனா நாளைக்கு வருகிறாள் என்ற தெம்பில் குரலும் கம்பெனிக் குரலாக மாறியது.

“என்னது... எந்தப் பட்டனுன்னு எப்பிடித் தெரிஞ்சுதா... அட, அதுகூடவா தெரியாது. பட்டனு வரிசையா இருந்தா என்ன, இங்கிலீஷ்ல எழுதியிருந்தா என்ன. ஒரு இஞ்சினியரிங் கம்பெனி நடத்தறவனுக்கு அதொரு பெரிய... நாந்தான். பின்னே வேற யாரு. நாந்தான் அமுத்துனேன்... ஆமாங்கறேன்ல... செரி, செரி, வாளி ரொம்புது. வெச்சுர்றேன்.”

அவசரமாக வைத்தார்.

எந்தப் பட்டன் என்று தெரியாமல் காலையில் அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார். அமுத்தியது பக்ருன்னிசா.