மறுநாள் பெட்டகத்தில் எவ்வளவு?

பொறுத்தது போதும்; இனியும் வாய்மூடி இருக்க என்னால் ஆகாது.

தலைமை ஏற்றிருக்கும் வங்கித் தலைவர் அவர்களே, இயக்குநர் பெருமக்களே, வட்டியை நம்பி முதுமையைக் கழிக்கும் பெரியோர்களே, சிறுவாடு சேர்த்து எங்கள் கையில் ஒப்படைத்த தாய்மார்களே, வணக்கம்.

நீங்கள் நூறு போட்டால் வங்கி எவ்வளவு கடன் தரலாம்? நூறுமா? இல்லை. பத்தைத் தொடாமல் ஒதுக்கிவிட்டுத் தொண்ணூறைத்தான் தரலாம். அந்தத் தொண்ணூறு இன்னொருவர் கணக்கில் வந்து விழும். அதிலும் ஒன்பதை ஒதுக்கி மீதியைத் தரலாம். இப்படித்தான் ஒரு நூறு பல நூறாகப் பெருகுகிறது. இப்படிப் பாயும் கடன் என்ற குதிரைக்குக் கடிவாளம், ஒதுக்கிய பத்து. இழுத்துப் பிடித்தால் கடன் குறையும். அறுத்துவிட்டால்?

சென்ற ஆண்டு விதி மாறியது; ஒதுக்க வேண்டிய பத்து பதினைந்தானது. கடனைக் குறைத்தோமா? "பூட்டி வச்ச பணம் குட்டி போடுமாய்யா?" என்றார் தலைவர். கூட்ட அறையே சிரித்தது. அன்று பிறந்தது ஒரு வழக்கம். ஒதுக்கிய பணம் இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கெடுப்புக்கு முந்தின மாலை பக்கத்து வங்கியின் வேன் இரவல் பணத்தோடு வரும், பெட்டகம் நிறையும். கணக்கெடுத்த மறுநாள் காலை, அதே கட்டுகள் முத்திரைகூடப் பிரியாமல் திரும்பிப் போகும். இரவல் நகை பூண்ட எழில் எத்தனை நாளைக்கு?

அப்படியொரு மறுநாளில்தான் தையல்கார அக்கா ஒருவர் தம் சேமிப்பை எடுக்க வந்தார். கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. மருத்துவமனை முன்பணம் கேட்டிருந்தது. மேலாளர் நாலு நாள் கழித்து வரச் சொன்னார். அக்கா சண்டை போடவில்லை.

"சார், என் பணம் உள்ளதான இருக்கு?"

"எங்கக்கா போயிடும்?"

போய்விட்டிருந்தது, தாய்மார்களே! அடங்காமல் கொடுத்த கடன்களில் என்றோ போய்விட்டிருந்தது. அக்கா இன்னும் வங்கிக்கு நடக்கிறார். அவர் கணவர் இன்னும் மூச்சு வாங்கப் படுத்திருக்கிறார். நாளை அந்த வரிசையில் நிற்கப்போவது யார்?

"சுருக்கமா முடிய்யா" என்பீர்கள், பின்வரிசைக்காரர்களே. பதவி கிடைக்காத வயிற்றெரிச்சல் என்பீர்கள். எரிகிறதுதான். முதுகில் குத்துப்பட்டவர்கள் இந்த வங்கியில் ஒரு கூட்டமே உண்டு. அதில் நானும் ஒருவன். அதனால் பெட்டகம் நிறைந்துவிடுமா?

ஓடிப்போய்ப் பணத்தை எடுக்காதீர்கள். எல்லோரும் ஓடினால் நல்ல வங்கியே சாயும், இதுவா நிற்கும்? அந்த அச்சம்தான் இதுவரை என் நாவைக் கட்டியது. வங்கியின் பேரவைக் கூட்டத்தில் எழுந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: கணக்கெடுத்த மறுநாள் பெட்டகத்தில் எவ்வளவு இருந்தது? விடை வரும்வரை உட்காராதீர்கள். கையிருப்பு நிறையும்வரை புதுக்கடனுக்குக் கையுயர்த்தாதீர்கள்.

மேடையில் முழங்கத்தான் இதை எழுதினேன். ஆனால் ஒலிபெருக்கியை நான் பிடித்தால் கணக்கைப் பார்க்கமாட்டீர்கள்; என் முகத்தைப் பார்ப்பீர்கள். பழைய பகை என்று சொல்லி எழுந்து போவீர்கள். ஆகவே, பெயர் போடாமல் உங்கள் வீடுகளுக்குத் தபாலில் அனுப்புகிறேன்.

இதுவரை படித்தவர்களுக்கு நன்றி. பேரவையில் நானும் உங்களிடையே உட்கார்ந்திருப்பேன். முதலில் எழப்போகிறவர் யாரோ, அவருக்கு இப்போதே என் வணக்கம்.