ஊமை வண்டிக்கு ஒரு கண்ணாடி

இந்த அறையின் ஜன்னல் கண்ணாடிகள் எங்கள் கடையில் அறுத்தவை. நானே வந்து பொருத்தினேன். மேல் வரிசையில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. அது என் வேலையால் வந்த விரிசல் இல்லை. மரச் சட்டம் மழையில் ஊறி முறுக்கிக்கொண்டிருக்கிறது. அளவு எடுத்துக் கொடுக்கிறேன், வேறு யாரையாவது வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வந்த காரியத்தைச் சொல்கிறேன். நீங்கள் உள்ளே வைத்திருக்கும் பலராமன் என் மனைவியின் தம்பி. சொல்தா தணிகாசலத்தின் காருக்குள் அவன் நாட்டு வெடி எறிந்து அவரைக் கொன்றான் என்கிறீர்கள். அவன் எறியவில்லை. அவன் அந்த வண்டி மேல் எறிந்தது ஒரே ஒரு கல். அதுவும் போன கார்த்திகையில். இதோ அந்தக் கல். உங்கள் மேசை மேலேயே இருக்கட்டும். அது எப்படி என்னிடம் வந்தது என்பதையும் சொல்கிறேன்.

நீங்கள் மதுரைப் பக்கத்துக்காரர். சொல்தா என்றால் உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் அங்கே இங்கே என்று இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். தணிகாசலத்துக்கு, சாரம் என்கிற எங்கள் பேட்டையில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. ஐம்பத்துநாலில் வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது, ஒரு மில் என்ஜினீயர் தன் பேட்டரி காரை அவருக்கு விற்றுவிட்டுப் போனார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் செய்த வண்டியாம். இரண்டு பேர் உட்காரலாம். முட்டையைப் போல இருக்கும். சீட்டுக்கு அடியில் பேட்டரிகள். ஓடும்போது சத்தமே வராது. தெருப் பிள்ளைகள் அதற்கு ஊமை வண்டி என்று பெயர் வைத்தார்கள்.

என் மனைவி அஞ்சலாட்சிக்குப் போன ஐப்பசியில், நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. நல்ல மழை. பிரசவம் பார்க்க வந்த நர்ஸ், இது வீட்டில் ஆகிற காரியமில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். ரிக்‌ஷா எதுவும் இல்லை. நான் எதிர்வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "வண்டி தர மாட்டேன்னுட்டாரு" என்றேன். பிறகு மார்க்கெட் பக்கம் ஓடி ஒரு மாட்டு வண்டி பிடித்தேன். வாய்க்கால் ஓரம் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது அவள் உடம்பு குளிர்ந்திருந்தது. குழந்தையும் இல்லை.

சேற்றில் வண்டி நின்றபோது அவளுக்கு நினைவிருந்தது. "அவரா மாட்டேன்னாரு? அவரு அப்படிச் சொல்ற ஆளில்லீங்களே" என்றாள். கடைசியாகப் பேசியது அதுதான். இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவள் யாரையும் சுலபமாக நம்புகிறவள்.

சாவு வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னேன். தெரு முழுவதும் தெரிந்தது. தணிகாசலம் மாலையோடு வந்தார். யாரும் அவருக்கு வழி விடவில்லை. துக்க வீட்டில் எதையும் கேட்கக்கூடாது என்று நினைத்திருப்பார். மாலையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கருமாதி முடிந்த அன்று பலராமன் தெருவில் நின்று, "எங்கக்காவ கொன்ன வண்டி இதுதான? உன்ன சும்மா வுட மாட்டேன்டா கெழவா" என்று கத்திக் கல்லை எறிந்தான். டிரைவர் பக்கத்துக் கதவின் கண்ணாடி நொறுங்கியது. அந்தக் கத்தலைக் கேட்டவர்கள்தான் இப்போது உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அவனுக்கு இருபது வயது. அக்கா மேல் உயிராக இருந்தான். நான் சொன்னதை நம்பினான், அவ்வளவுதான்.

தணிகாசலம் போலீசுக்குப் போகவில்லை. கதவில் ஒரு கோணியைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினார். பிரான்சிலிருந்து கண்ணாடி வருமென்று காத்திருந்தார். வரவில்லை. போன வாரம் கடைக்கு என்னைத் தேடி வந்தார்.

"பாலகுரு, உன்னை வுட்டா இந்த ஊர்ல இதுக்குக் கண்ணாடி போட ஆளில்ல" என்றார். நான் அளவு கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தெருவே என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. வீராயிகூட எனக்கு நல்ல மீனு குடுக்கறதில்ல. கூடையிலேயே நாறினதா பாத்து எடுத்துப் போடறா. ஏன்டின்னா, மனசு நாறினவங்களுக்கு இதுவே சாஸ்திங்கறா. நேத்துதான் எம் பொஞ்சாதி சுலோசனா வெவரம் கேட்டுட்டு வந்து சொல்லுது, நான் உனக்கு வண்டி தர மாட்டேன்னுட்டேனாமே? நீ எப்பய்யா வந்து கேட்ட?"

நான் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன்.

"நீ சொல்லியிருக்க மாட்ட. உன்ன எனக்குத் தெரியாதா? துக்கத்துல கெடந்தவன் நீ. நடுவுல எவனோ கெளப்பிவுட்டிருக்கான். ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே தூக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா?"

இப்படித்தான் பேசினார். மறுத்தவர்கள் பிறகு இப்படித்தான் பேசுவார்கள்.

எழும்போது இன்னொன்றும் சொன்னார். "கண்ணாடி போட்ட கையோட அன்னிக்கு சாயங்காலமே முதலியார்பேட்டைக்குப் போவலாம். அந்தப் பையன் பலராமன நேரா பாத்துப் பேசிடறேன். நீயும் எம்பக்கத்துல ஒக்காந்து வா. நீ சொன்னா நம்புவான்."

சரி என்றேன்.

நான் சிதம்பரத்தில் பி.எஸ்சி. ரசாயனம் படித்தவன். வேலை கிடைக்காததால் அப்பாவின் கடையை எடுத்துக்கொண்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும்போது அதிலிருந்து ஒரு வாயு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றோட்டம் இருந்தால் ஒன்றும் செய்யாது. அடைபட்ட இடத்தில் சேர்ந்தால் ஒரு தீக்குச்சி போதும். இது முதல் வருஷப் பாடம்.

திங்கட்கிழமை காலை அவர் கொட்டகையில் வேலை செய்தேன். கதவின் உள்பக்கத் தகட்டைக் கழற்றினால் கீழே பொந்து மாதிரி இருக்கும். உடைந்த கண்ணாடி முழுக்க அங்கேதான் விழுந்து கிடந்தது. கார்க் கண்ணாடி நம் வீட்டுக் கண்ணாடி மாதிரி கத்தி கத்தியாக உடையாது. கற்கண்டு மாதிரி உதிரும். அள்ளி அள்ளி எடுத்தேன். அடியில் இந்தக் கல் இருந்தது. பையில் போட்டுக்கொண்டேன்.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றி, பல் தேய்ந்துவிட்டது என்று அவரிடம் காட்டினேன். மேசைக்குப் போடுகிற கால் அங்குலக் கண்ணாடியை அறுத்து, ரப்பர் வைத்து, சுற்றிலும் கண்ணாடி ஒட்டுகிற மக்கு பூசி அசையாமல் பொருத்தினேன். மறுபக்கத்துக் கண்ணாடி நான் பார்த்த நாளிலிருந்தே இறங்காது. சீட்டுக்குப் பின்னால் காற்றுப் போக இரண்டு துவாரங்கள் வைத்திருந்தார்கள். மக்கு மிச்சமிருந்தது. அதை அந்தத் துவாரங்களில் அடைத்தேன். எடுத்துப்போனால் காய்ந்து வீணாகியிருக்கும்.

தணிகாசலம் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் நன்றி சொன்னார். "மெர்சி, மெர்சி. கோட்டை மாதிரி இருக்குது. ஆனா அந்த வெள்ளைக்காரன் ஒண்ணு சொல்லுவான்யா. கரண்டு ஏத்தும்போது கண்ணாடிய எறக்கி வுடணும்பான். இது எறங்காதே?"

"அது குளிர் ஊருக்குச் சொன்னதுங்க. இங்க உப்புக் காத்து பட்டா பேட்டரி கெட்டுப்போவும். கதவையும் நல்லா சாத்தியே வையுங்க."

"அப்படியா? நீ படிச்சவன். நீ சொன்னா சரி."

பிளக்கை அவரேதான் சொருகினார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொருகவில்லை.

சுலோசனா அம்மாள் என்னைச் சாப்பிடாமல் போக விடவில்லை. "கையால ஆக்கிப் போட ஆளில்லாம எப்படி எளைச்சுப் போயிட்ட பாரு" என்றார். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. அஞ்சலாட்சி அதில் கொஞ்சம் வெல்லம் போடுவாள். இவர் போடவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எங்கள் ஊரில் மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டு எல்லோரும் தூங்குவார்கள். வெள்ளைக்காரன் பழக்கிவிட்டுப் போனது. தெருவில் நாய்கூட நடமாடவில்லை. நான் வீட்டு ஜன்னலருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிரே கொட்டகை திறந்தேதான் இருந்தது. வண்டி மட்டும் சாத்தியிருந்தது. புதுக் கண்ணாடியில் எங்கள் வீட்டு முகப்பு தெரிந்தது. அதில் என் ஜன்னலும் தெரிந்தது.

வெயில் சாய்ந்ததும் முதலில் வந்தது சுலோசனா அம்மாள். கண்ணாடியில் என் விரல் தடம் இருந்தது போலிருக்கிறது. முந்தானையால் வெளியே துடைத்தார். பிறகு மறுபக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே ஏறிச் சாத்திக்கொண்டு, உள்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நிதானமாகத் துடைத்தார். அந்த நேரத்தில் தணிகாசலம் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்து பிளக்கைப் பிடுங்கினார். மடியிலிருந்து சுருட்டை எடுத்தார். வீட்டுக்குள் சுருட்டுப் பிடிக்க சுலோசனா அம்மாள் விடமாட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பற்றவைப்பார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

நான் கூப்பிட்டிருக்கலாம். ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட்டால் ஏன் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். சுருட்டைப் பார்த்ததும் அந்த அம்மாளே இறங்கினார். "அந்த நாத்தத்த நான் எறங்கனப்புறம் வச்சுக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார். இறங்காமல் இருந்திருந்தால் இரண்டு பேர் ஆகியிருக்கும். என் கணக்கில் அவர் இல்லை.

தணிகாசலம் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வாயசைத்தது கேட்கவில்லை. பக்கத்து சீட்டைக் கையால் தட்டிக் காட்டினார், வா என்று. நான் தலையை ஆட்டி மறுத்தேன். கடை திறக்க வேண்டும் என்பதுபோல ஜாடை காட்டினேன். அவர் சிரித்தார். பெட்டியில் குச்சியை உரசினார்.

அந்த வண்டி போட்ட ஒரே சத்தம் அதுதான்.

வெடிப்பு சீட்டுக்குக் கீழேயிருந்து வந்தது. உங்கள் டாக்டர் காயங்களைப் பார்த்துவிட்டு அதைத்தான் சொல்லுவார். கதவு கழன்று தெருவுக்கு வந்து விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, ஐயா. போய்ப் பாருங்கள், இன்னும் சட்டத்திலேயே இருக்கிறது. உடையாத கண்ணாடி வழியாகப் பலராமன் எப்படி வெடி எறிவான்? துவாரங்களில் என் மக்கும் இருக்கும். கட்டைவிரல் தடம் பதிந்திருக்கும். பலராமனை வெளியே விட இது போதும்.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் வண்டி தரவில்லை. என் மனைவி செத்தாள்.

என்ன சொல்லி மறுத்தார் என்று கேட்கிறீர்கள். இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் காலையில் அஞ்சலாட்சி வாசலில் வீராயியிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் கடைக்குக் கிளம்பினேன். தணிகாசலம் அவர் கேட்டருகில் நின்றுகொண்டு, "என்னா பாலகுரு, பி.எஸ்சி. படிச்சது கண்ணாடிக்கு அந்தாண்ட பக்கம் என்னா இருக்குன்னு பாக்கறதுக்கா?" என்றார். வீராயி, "எம் மீனுக்கும் ஒரு டிகிரி குடுங்க மொதலியாரே, வெல ஏத்தி விக்கறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சியும் சிரித்தாள். அதே வீராயியின் மகனைத் திருக்கை முள் குத்தியபோது, அவர்தான் அந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்று சொல்வார்கள். அது வேறு விஷயம்.

அன்று நான் மழையில் அவர் கேட்டுக்குப் போனேன். விளக்கு வைக்கிற நேரம். வண்டி கொட்டகையில் நின்றது. கேட்டின் கொண்டியில் கை வைத்தேன். உள்ளே ரேடியோ பாடியது. அவர் எதற்கோ சிரித்தார். நான் இன்னதுதான் கேட்பேன், அவர் இன்னதுதான் சொல்வார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பி.எஸ்சி. படித்தவன் வாசலில் வந்து நிற்கிறான் பார் என்று சுலோசனா அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டுவார். பிறகு மழையைச் சொல்வார், பேட்டரியைச் சொல்வார், மாட்டேன் என்பார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. கொண்டியைத் தூக்கவில்லை. திரும்பி வந்து, அவர் சொல்லியிருக்கப் போவதை அஞ்சலாட்சியிடம் சொன்னேன்.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். அவர் மறுத்திருப்பார், ஐயா. நான் கேட்டிருந்தால் கண்டிப்பாக மறுத்திருப்பார்.