பின்னட்டையில் ஒரு நாய்

ஸ்பீக்கர் பெட்டியை இடுப்பால் தூக்கக் கூடாது ஐயா, தொடையால் தூக்க வேண்டும். மற்றதையெல்லாம்விட இது உபயோகமான செய்தி என்பதால் முதலில் எழுதிவிட்டேன். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கியதற்கும் காரணம் உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தவன். எழுதினதை நாலு பேர் உட்கார்ந்து படிக்கிற பாக்கியம் இனி வராது.

முப்பத்தொரு வருடம் ஒரு ஜாஸ்-ராக் இசைக்குழுவுக்குப் பெட்டி சுமந்தேன். ஐந்து கிழவர்கள். பாட்டு ஓரிடத்தில் தொடங்கும். சாக்ஸபோன் ஊர்சுற்றக் கிளம்பும், டிரம்ஸ் அதைத் தேடிப் போகும், அரைமணி கழித்து எல்லோரும் வீடு வந்து சேர்வார்கள். அதற்குக் கைதட்டல். நானும் தினமும்தான் வீடு வந்து சேர்ந்தேன். ஒருவரும் தட்டியதில்லை.

கிதார் வாசித்துப் பாடுகிறவர்தான் தலைவர். என்னை அண்ணே என்பார், நான் தம்பி என்பேன். எங்களுக்குள் ஒரு வழக்கம். மின்சாரம் கசிகிற மேடையில் கிதார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்தவன் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு ஊரிலும் நான் முதலில் கம்பியைப் பிடித்து, மைக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒன்றுமில்லை என்றால் கட்டைவிரலைத் தூக்குவேன்.

"நீங்க வெரல் தூக்காம நான் பொண்டாட்டி கையக்கூட தொடமாட்டேண்ணே" என்பார் தம்பி. நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன மாதம் அவர்களின் நாற்பதாம் ஆண்டு இசைத்தட்டு வந்தது. புத்தகம் போல விரிகிற அட்டை. "உங்களப் பத்தி போட்டிருக்கோம்ணே, தொறந்து பாருங்க" என்று கையில் கொடுத்தார். பாலிதீன் உறையைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. என் கை எந்நேரமும் கிரீஸ். உறையோடு பின்னட்டையைப் படித்தேன், மருமகள் சொல்லித்தந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி. மூன்று நாள் ஆனது. நன்றி என்று பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவதாக சாக்ஸபோன்காரர் வீட்டு நாய். என் பெயர் இல்லை. அந்த நாய் ஒரு நாளும் பெட்டி தூக்கியதில்லை ஐயா. என்னைக் கண்டால் குரைக்கும், அவ்வளவுதான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது நன்றியா?

பிறகு அந்தப் பொருட்காட்சி. மதியம் மழை பெய்து மேடை ஊறியிருந்தது. ராட்டினத்துக்குப் போகிற கேபிளிலிருந்தே எங்களுக்கும் மின்சாரம். எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அதில் எனக்குப் பங்கில்லை, இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

"பெட்டி உங்களத் தூக்குதா, நீங்க பெட்டியத் தூக்குறீங்களாண்ணே?" என்றார் டிரம்ஸ்காரர். சிரித்தேன். அது என் வேலையில் சேர்த்திதான்.

கிதார் கம்பியைப் பிடித்தேன். புறங்கையை மைக்கில் வைத்தேன். தோள்வரை அடித்தது. புறங்கை என்பதால் கை தானாக உதறிக்கொண்டது. பல் கிட்டித்துப்போய் நின்றேன்.

"என்னண்ணே, சரியா இருக்கா?" என்றார் தம்பி.

அப்போது எனக்கு அந்த நாய்தான் ஞாபகம் வந்தது.

கட்டைவிரலைத் தூக்கினேன்.

முதல் சொல்லிலேயே தம்பி விழுந்தார். கூட்டம் கைதட்டியது. விழுந்து புரண்டு வாசிப்பதும் அந்த இசையில் உண்டு என்று நினைத்திருப்பார்கள். தம்பியின் உயிர் அதற்குள் போயிருந்தாலும், எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் மெயினை அணைத்தவன் நான். அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வழக்கம்தான்.

இன்று காலை நீங்கள் என் வீட்டிலிருந்து அந்த இசைத்தட்டை எடுத்துவந்து, என் கண்முன்னாலேயே உறையைக் கிழித்து அட்டையை விரித்துக் காட்டினீர்கள். உள்ளே பக்கம் முழுக்க ஒரு படம். தோளில் பெட்டியோடு நான். கீழே என் முழுப்பெயர். அதற்கும் கீழே, "எங்களுக்கு முன்னால் சாவைத் தொட்டுப் பார்க்கிற எங்கள் அண்ணனுக்கு, இந்த இசை முழுவதும்."

நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றீர்கள். அதற்கு நன்றி.

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் ஐயா, இதை வெளியட்டையில் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? தப்பு தம்பி மேல்தான்.